யாரும் வாங்க வராத பாதி

"இந்தத் தோட்டத்தை ஆரம்பித்தது யார்?"

போன வருட அறுவடையின்போது, ஸ்விட்சர்லாந்திலிருந்து ஒயின் வாங்க வந்த ஒருவர், கூடை தூக்கிக்கொண்டிருந்த என்னிடம் இப்படிக் கேட்டார். காப்ரியோத்தி குடும்பத்தின் வாசல் பலகையில் 'உபால்தோ காப்ரியோத்தி, 1968' என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் நாற்காலி போட்டு அழுகல் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த எர்சிலியா அம்மாள் அந்தப் பலகையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு குளிர்காலம் முழுவதும் அவரிடமும், மகள் ஒர்னெல்லாவிடமும், கொழுந்தன் குவின்தோவிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எர்சிலியா பிறந்தது 1932இல், ஓஃபிதா ஊருக்குக் கீழே, கடலைப் பார்த்துச் சரியும் மேடுகளில் ஒன்றில். பிறந்த வீடும் வாரக்குடி, புகுந்த வீடும் வாரக்குடி. விளைவதில் பாதி பண்ணையாருக்கு, பாதி உழைப்பவருக்கு. கோதுமையில் பாதி, பன்றியில் பாதி, கன்றை விற்றால் அதிலும் பாதி. கிறிஸ்துமஸுக்கு இரண்டு சேவலும் ஒரு கூடை முட்டையும் அதற்கு மேல். கல்யாணத்துக்குக்கூடப் பண்ணையார் தலையசைக்க வேண்டும்.

உபால்தோவின் பண்ணையார் ஆஸ்கொலி நகரத்தில் வக்கீல். எல்லோரும் அவரை வக்கீலய்யா என்றே கூப்பிட்டார்கள். எர்சிலியாவைப் பெண் பேசியபோது அவருடைய காரியஸ்தர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெறும் எலும்பா இருக்காளே" என்று இழுத்தார். "எலும்பா இருந்தாத்தான் நல்லது. தொட்டிக்குள்ள இறங்கிக் கழுவ ஆள் வேணும்ல?" என்று வக்கீல் பேச்சை முடித்துவைத்தார். கல்யாணம் நடந்தது. அந்த வருடம் முதல் ஒவ்வோர் ஆகஸ்டிலும் மாளிகையின் நிலவறையில், ஓர் ஆணின் தோள் நுழையாத வாய் வழியாக ஒயின் தொட்டிகளுக்குள் இறங்கிக் கழுவுவது அவள் வேலை ஆயிற்று.

திராட்சையிலும் பாதிதான். வக்கீலின் பாதி மாட்டுவண்டியில் மாளிகைக்குப் போகும். குடும்பத்தின் பாதியில் பிழிந்த ஒயினை வியாபாரி வந்து ருசி பார்த்து மொத்தமாக எடுத்துக்கொள்வான். செருப்பும் உப்பும் மருந்தும் அதில்தான் வர வேண்டும். மிஞ்சிய சக்கையின் மேல் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு வடித்தால், வெளுத்த சிவப்பில் ஒன்று வரும். அதற்குச் சக்கைத் தண்ணி என்று பெயர். வீட்டார் வருடம் முழுவதும் குடிப்பது அதைத்தான். கொடிகளுக்கு நடுவிலேயே வளர்ந்த எர்சிலியா முப்பத்தாறு வயதுவரை ஒரு கோப்பை நல்ல ஒயின் குடித்ததில்லை. உபால்தோவும் அப்படித்தான். இதை அவர்கள் குறையாக நினைக்கவும் இல்லை.

அறுபதுகளில் ஆட்கள் மேட்டை விட்டு இறங்கத் தொடங்கினார்கள். ஆற்றோரத்தில் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. மாதச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. உபால்தோவின் தம்பி குவின்தோ முதல் ஆளாகப் போய் ஒரு ஸ்கூட்டரோடு திரும்பி வந்தான். உழ ஆள் இல்லாத நிலத்தை வைத்துக்கொண்டு வக்கீல் என்ன செய்வார்? 1968 வசந்தத்தில், உழவர்களுக்கென்று அரசாங்கம் கொடுத்த நீண்ட தவணைக் கடனில், பதினோரு ஹெக்டேர் காப்ரியோத்தி குடும்பத்துக்குக் கைமாறியது.

உபால்தோ அரை மனதோடுதான் கையெழுத்துப் போட்டான். வீட்டுக்கு வந்ததும் எர்சிலியாவிடம் சொல்லிவிட்டான்.

"ஒரு அறுவடை பாக்கலாம். மார்ட்டின் திருநாளுக்குள்ள சரிப்பட்டு வரலேன்னா நான் தம்பி கூடப் போயிடுவேன். மேஸ்திரிகிட்ட பேசிட்டேன். அன்னிக்கு வரைக்கும் எனக்கு இடம் வச்சிருக்காங்க."

"அப்ப நிலம்?"

"வாங்கத் தெரிஞ்சவனுக்கு விக்கத் தெரியாதா?"

மார்ட்டின் திருநாள் நவம்பர் பதினொன்று. வாரக்குடிகளின் ஒப்பந்தம் அன்றுதான் முடியும். இனி வேண்டாம் என்று சொல்லப்பட்ட குடும்பம், கட்டிலையும் கோழிக்கூண்டையும் பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த பண்ணைக்குக் கிளம்பும். எர்சிலியா சிறுமியாக நான்கு முறை அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொரு முறை உட்கார அவளுக்கு விருப்பமில்லை. அவளுடைய காரணம் அவ்வளவுதான்.

அக்டோபர் முதல் வாரத்தில் அறுவடை. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் மாற்றுவேலைக்கு வந்தன; இன்று அவர்கள் இங்கே, நாளை இவர்கள் அங்கே. குவின்தோ விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தான். அப்போதெல்லாம் கொடிகள் மேப்பிள் மரங்களில் ஏறிப் படர்ந்திருக்கும். ஏணி வைத்துத்தான் பறிக்க வேண்டும். பறித்த குலைகள் கூடை கூடையாகக் களத்துக்கு வந்தன. கூடையைப் பிரித்து வைப்பது வீட்டுத் தலைவியின் பொறுப்பு. எர்சிலியா களத்தில் நின்று கைகாட்டினாள். ஒன்று கொட்டகைப் பக்கம், ஒன்று ஓக் மரத்தடி. ஒன்று கொட்டகைப் பக்கம், ஒன்று ஓக் மரத்தடி. காலை முழுவதும் இப்படியே போனது.

மத்தியானம் வறுத்த வாத்தும் பாஸ்தாவும் களத்து மேசைக்கு வந்தன. குவின்தோ எலும்பைக் கடித்தபடியே ஓக் மரத்தைப் பார்த்தான்.

"அண்ணி, அந்த மரத்தடியில அடுக்கி வச்சிருக்கியே, அது யாருக்கு?"

"வக்கீலய்யாவுக்கு."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது. மேசையில் பதினான்கு பேர். அத்தனை தலையும் மரத்தடிக்குத் திரும்பின. பிறகு பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் மேசையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா எர்சிலியா, பத்திரம் யாரு பேர்ல எழுதினீங்க? உங்க பேர்லயா, அவரு பேர்லயா?"

"சேவல் ரெண்டை மறந்துடாத, கிறிஸ்துமஸ் வருது!"

"முட்டை ஏற்கெனவே போயிருக்கும்டா. நீ வேற."

அவளைக் கேலி செய்தவர்கள்தான் காலையிலிருந்து அந்தக் கூடைகளைத் தூக்கி மரத்தடியில் வைத்தவர்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பழக்கம் கையில்தான் குடியிருக்கும். தலைக்குச் சொல்லிவிட்டு வேலை செய்யாது.

உபால்தோ மட்டும் சிரிக்கவில்லை. அவன் எழுந்து வீட்டின் நிலவறைக்குப் போய்விட்டு வந்தான்.

"இதை எங்க ஊத்துறது?" என்றான்.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அந்த வீட்டின் பீப்பாய்களும் தொட்டியும் பாதி விளைச்சலுக்குத்தான் போதும். மூன்று தலைமுறையாகப் பாதிக்கு மேல் அங்கே தங்கியதே இல்லை; யார் இடம் கட்டப் போகிறார்கள்? நிலம் வாங்கிய வசந்தத்திலிருந்து ஆறு மாதம் போய்விட்டது. அந்த ஆறு மாதத்தில் ஒருவர் மனதிலும் இது வரவில்லை. பறித்த திராட்சை காத்திருக்காது. வெயிலில் ஒரு நாள் தாங்கும், நிழலில் இரண்டு நாள். அதற்கு மேல் குளவிக்குத்தான்.

"வியாபாரிக்குச் சொல்லி விடு. லாரியோட வந்து அள்ளிட்டுப் போகட்டும்" என்றான் உபால்தோ.

"பறிச்சு மரத்தடியில வச்ச பழத்துக்கு அவன் என்ன குடுப்பான்? பிச்சை போடுவான்" என்றாள் எர்சிலியா.

"பிச்சையாவது வருதில்ல?"

"வந்தா, இது தேறாதுன்னு சொல்லிட்டு ஃபாக்டரிக்குப் போக உனக்கு ஒரு சாக்கு கிடைச்சிடும்."

குவின்தோ தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எர்சிலியா இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியை அவிழ்த்து ஏணியில் போட்டுவிட்டு, மாளிகைக்குப் போகும் பாதையில் நடந்தாள்.

வக்கீல் அங்கே இருந்தார். அறுவடை நாளில் நகரத்திலிருந்து வருவது அவருடைய பழக்கம். இந்த வருடம் வேலை ஏதும் இல்லாவிட்டாலும் வந்துவிட்டார். முற்றத்தில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"வா எர்சிலியா. இந்த வருஷம் எப்படி?"

"நல்லா வந்திருக்கு வக்கீலய்யா. அதான் கஷ்டம்." அவள் நடந்ததைச் சொன்னாள். மரத்தடி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டாள். "உங்க நிலவறையில ஆறு தொட்டி சும்மா கிடக்கு. இந்த ஒரு வருஷத்துக்கு ரெண்டு குடுங்க. வாடகை எவ்வளவுன்னு சொல்லுங்க."

வக்கீல் பத்திரிகையை நான்காக மடித்தார்.

"நமக்குள்ள என்ன வாடகை? தொட்டி என்னுது, திராட்சை உன்னுது. வர்ற ஒயின்ல பாதி பாதி எடுத்துக்குவோம்."

அவர் அதை உதவியாக நினைத்துத்தான் சொன்னார். குரலில் தந்திரம் எதுவும் இல்லை. இதைவிட நியாயமான ஒரு பங்கீட்டை அவர் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. எர்சிலியா கணக்குப் போட்டாள். சரி என்று சொன்னால் பழம் பிழைத்துவிடும். அடுத்த வருடமும் தொட்டிக்கு இங்கேதான் வர வேண்டியிருக்கும்.

"வக்கீலய்யா, காலைலேர்ந்து பாதி பாதியா பிரிச்சு வச்சு எனக்குக் கை வலிக்குது. இன்னிக்கு இதுக்கு மேல முடியாது."

"அப்புறம் பழம் அழுகிடும், எர்சிலியா."

"அழுகினா அழுகட்டும். முழுசா எங்களுதுதான அழுகும்?"

அவள் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினாள். தைரியமாகப் பேசிவிட்டாளே தவிர, திரும்பும் வழியெல்லாம் இனி எங்கே ஊற்றுவது என்றே யோசித்து வந்ததாக இப்போதும் சொல்கிறார்.

வீட்டுக்குப் பின்பக்கமாக வந்தபோது மாட்டுக்கொட்டகையின் அருகே நின்றாள். அந்தக் கோடையில்தான் உபால்தோ மாடுகளுக்கென்று ஒரு சிமெண்ட் தொட்டி கட்டியிருந்தான். பாதி மண்ணுக்குள், பாதி மேலே. மேல்மூடியும், ஆள் இறங்க ஒரு சின்ன வாயும் உண்டு. கூரைத் தண்ணீரைக் கொண்டுவரும் குழாய் இன்னும் வரவில்லை. அதனால் அது ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் காணாத தொட்டி.

"என் மாட்டுத் தொட்டியிலயா?" உபால்தோ கத்தினான். "மாடு எதைக் குடிக்கும்?"

"இத்தனை வருஷமா எதைக் குடிச்சுதோ அதை."

"பச்சை சிமெண்ட்டுடி. ஒயின் சுண்ணாம்பா போயிடும். பத்து வயசுப் பிள்ளைக்குத் தெரியும் இது."

அவன் சொன்னது சரி. புதுச் சிமெண்ட் ஒயினின் புளிப்பைத் தின்றுவிடும். ஆனால் அவனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வக்கீல் மாளிகையில் புதிதாகச் சிமெண்ட் தொட்டிகள் கட்டிய வருடம், காரியஸ்தர் பழைய பீப்பாய்களின் உட்புறத்தில் ஒயினின் புளிப்பு கல் போல உறைந்திருந்த சிவப்புப் படிவத்தைச் சுரண்டச் சொல்லி, கொதிக்கும் தண்ணீரில் கரைத்து, அந்தச் சுவர்களில் பூசச் சொன்னார். உள்ளே இறங்கிப் பூசியது எர்சிலியாதான். சிமெண்ட் தின்ன வேண்டியதை முதலிலேயே தின்னக் கொடுத்துவிட்டால், பிறகு ஒயினைத் தொடாது.

"குவின்தோ, பீப்பாயெல்லாம் உருட்டிக்கிட்டு வா. உளி எடுத்துக்க."

"கூலி உண்டா அண்ணி?"

"உண்டு. சக்கைத் தண்ணி, வயிறு முட்ட."

அன்று மத்தியானம் பறிப்பதற்கு வந்தவர்கள் பாதிப்பேர் பீப்பாய் சுரண்டினார்கள். பெண்கள் துணி வெளுக்கும் அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்தார்கள். தொட்டியின் வாய் வழியாக எர்சிலியா ஒருத்தியால்தான் நுழைய முடிந்தது. புகையும் அந்தச் சிவப்புத் தண்ணீரைத் துடைப்பத்தால் சுவரெங்கும் அடித்தாள். சுவர் நுரைத்தது. காய்ந்ததும் மறுபடி. பொழுது சாய்வதற்குள் மூன்று பூச்சு, மறுநாள் காலையில் இன்னொன்று. நான்காவது பூச்சில் சுவர் நுரைக்கவில்லை. மறுநாள் மத்தியானத்துக்குள், கைப்பிடி சுற்றும் இயந்திரத்தில் நசுக்கி, மரத்தடியில் இருந்த அத்தனை திராட்சையும் மாட்டுத் தொட்டிக்குள் போய்விட்டது.

உபால்தோ இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் மேலே மிதந்து எழும்பும் திராட்சைத் தோலை நீளக் கம்பால் காலையும் மாலையும் அமுக்கிவிட்டது அவன்தான். தான் கட்டிய தொட்டி ஒழுகிவிடக் கூடாது என்ற கவலை என்று அவன் பிறகு சொன்னான். பொங்கி அடங்கிய பின் வடித்து, சக்கையைப் பிழிந்து, ஒயினை மறுபடி அதே தொட்டியில் ஊற்றி மூடினார்கள்.

மார்ட்டின் திருநாளன்று காலையில் உபால்தோ பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் தொட்டியைத் திறந்தான். ஒரு குவளை மொண்டான். குடித்தான். முகம் சுருங்கியது.

"நாக்கைப் பிடிக்குது. கெட்டுப்போச்சு."

எர்சிலியாவும் குடித்தாள். கெட்டியாக இருந்தது. நாக்கைப் பிடிக்கத்தான் செய்தது. தொண்டை இறங்கியதும் வயிறு சூடானது. இது கெட்டதா நல்லதா என்று அவளுக்கும் தெரியவில்லை. வீட்டுப் பீப்பாயிலிருந்து ஒரு குவளை எடுத்துவந்து குடித்துப் பார்த்தார்கள். அதுவும் அப்படியேதான் பிடித்தது. அப்படியானால் இரண்டும் நல்லதா, இல்லை இரண்டும் கெட்டதா? ஒயின் செய்யும் அந்த வீட்டில் ஒயின் எப்படியிருக்க வேண்டும் என்று சொல்ல ஒரு நாக்கு இல்லை.

"ஒரு மணிக்கு பஸ்" என்றான் உபால்தோ.

எர்சிலியா கழுதை வண்டியைப் பூட்டினாள். பிரம்புக்கூடு போட்ட பெரிய கண்ணாடிக் குடுவைகள் இரண்டில் தொட்டி ஒயினை நிரப்பி ஏற்றினாள். எங்கே என்று அவன் கேட்கவில்லை.

ஓஃபிதாவில் அன்று சந்தை. புது ஒயினும் சுட்ட செஸ்ட்நட் கொட்டையும் சாப்பிட எல்லோரும் வரும் நாள். சந்தை மூலையில் டெர்னாவின் ஒயின் கடை. டெர்னாவுக்குப் பெரிய உடம்பு, சின்னக் கண். மூன்று புருஷன்களைப் புதைத்தவள் என்று ஊர் சொல்லும்; உண்மையில் இரண்டுதான்.

"என்னடி இது, உங்க வீட்டுச் சக்கைத் தண்ணியா? எங்கிட்டக் கிணறு இருக்கு, போ."

"குடிச்சுட்டுப் பேசு."

டெர்னா குடித்தாள். வாயில் வைத்திருந்தாள். விழுங்கிவிட்டு எர்சிலியாவை முறைத்தாள்.

"இதுல தண்ணி எங்கடி?"

"ஊத்தல."

"உன் புருஷன் குடிச்சானா? என்ன சொன்னான்?"

"கெட்டுப்போச்சுன்னான்."

டெர்னாவின் உடம்பு முழுவதும் சிரித்தது. "பொறந்ததுலேர்ந்து கழுவுன தண்ணி குடிச்சவனுக்கு வேற எப்படித் தெரியும்? கொஞ்சம் சுவரு வாடை அடிக்குது, மழை நின்ன மறுநாள் மாதிரி. அதை நானும் சொல்லல, நீயும் சொல்லாத. இறக்கு ரெண்டையும்."

மாட்டுத் தரகர்கள் ஒரு மேசையை அடைத்துக்கொண்டிருந்தார்கள். டெர்னா எதுவும் சொல்லாமல் அவர்கள் முன்னால் ஊற்றினாள். எர்சிலியா கதவோரத்தில் நின்று அவர்களுடைய முகங்களைப் பார்த்தாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவரும் புகழவும் இல்லை. விலை பேசிக்கொண்டே கோப்பையை நீட்டினார்கள், அவ்வளவுதான். மறுபடியும் நீட்டினார்கள். கோயில் மணி பன்னிரண்டு அடிப்பதற்குள் இரண்டு குடுவையும் காலி.

அவள் கழுதையை அடித்து ஓட்டிய ஒரே நாள் அதுதான். பாதை வளைவில் உபால்தோ பெட்டியோடு நின்றிருந்தான். கீழ்வளைவில் பஸ் ஏறி வரும் சத்தம் கேட்டது. வண்டியில் குடுவைகள் காலியாக உருள்வதைப் பார்த்தான்.

"கொட்டிட்டியா?"

"குடிச்சிட்டாங்க."

"யாரு?"

"மாட்டுத் தரகனுங்க. டெர்னாவுக்கு நாளைக்கு இன்னும் நாலு வேணுமாம். ஒருத்தியா என்னால தூக்க முடியாது."

பஸ் நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "ஏறுறியா இல்லையா? மார்ட்டின் அன்னிக்குப் பெட்டியோட நிக்கிறவன் ஏறத்தானய்யா செய்வான்?"

உபால்தோ பெட்டியைத் தூக்கிக் குடுவைகளுக்கு நடுவில், வண்டியில் வைத்தான்.

"இவளால தூக்க முடியாதாம்" என்று ஓட்டுநரிடம் சொன்னான்.

ஈஸ்டருக்குள் தொட்டி காலியாகிவிட்டது. அடுத்த வருடம் நிலவறையை அகலப்படுத்தினார்கள். 1973இல் மேப்பிள் மரங்களை வெட்டிவிட்டுக் கம்பி கட்டி வரிசைக் கொடிகள் நட்டார்கள். மூன்று வருடம் கழித்துத் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது குவின்தோ தன் ஸ்கூட்டரோடு திரும்பி வந்தான். இம்முறை கூலி கேட்கவில்லை, பங்குதாரனாகச் சேர்ந்தான். ஒர்னெல்லா விவசாயப் பள்ளியில் படித்துவிட்டு வந்து, 1982இல் முதல் பாட்டிலை அடைத்தாள். சீட்டில் யார் பெயர் போடுவது என்று கேள்வி வந்தபோது, பத்திரத்தில் இருந்த பெயரையே போட்டார்கள். எர்சிலியா எதிர்ப்புச் சொல்லவில்லை. சீட்டு நேராக ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

வக்கீலின் வாரிசுகள் மாளிகையை விற்றபோது அதன் நிலவறையைக் காப்ரியோத்திகள் வாங்கினார்கள். இன்று முப்பத்துநான்கு ஹெக்டேர். மாட்டுத் தொட்டியை 2001இல் உடைத்து, சரக்கு ஏற்றும் இடம் கட்டினார்கள். உடைக்க இரண்டு நாள் ஆயிற்று; நன்றாகத்தான் கட்டியிருந்தார் உபால்தோ. அடுத்த வருடம் அவர் இறந்துபோனார். கடைசிவரை அவர் சாப்பாட்டோடு குடித்தது சக்கைத் தண்ணிதான். வந்த விருந்தாளிகளுக்கு ஒர்னெல்லா நல்ல பாட்டில்களைத் திறக்கும்போது, இவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் மண் கூஜாவிலிருந்து ஊற்றிக்கொள்வார். ஒரு ஜெர்மன்காரர் அது என்ன அரிய வகை என்று ஆவலாகக் கேட்டார். "அது விக்கிறதுக்கு இல்லீங்க" என்றார் உபால்தோ. அதில் பொய் எதுவும் இல்லை.

எர்சிலியா அம்மாளுக்கு இப்போது தொண்ணூற்றிரண்டு வயது. மத்தியானம் அரைக் கோப்பை குடிக்கிறார். தண்ணீர் கலப்பதில்லை.

பாட்டிலின் பின்பக்கச் சீட்டில் நான்கு வரிக்குத்தான் இடம் இருக்கிறது. இதெல்லாம் அதில் அடங்காது. அதனால் இதைப் படிப்பவர்கள் இன்னொருவருக்காவது சொல்லுங்கள். வக்கீலைக் கெட்டவராக்கிச் சொல்ல வேண்டாம். எர்சிலியா அம்மாளைப் பெரிய வீராங்கனையாக்கியும் சொல்ல வேண்டாம். இரண்டும் அவருக்குப் பிடிக்காது. பெயரை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: எர்சிலியா காப்ரியோத்தி.